தவணையில் வந்த தேர்

முகூர்த்த நாளில் ஏதாவது ஒரு கார் ஷோரூம் வாசலில் பத்து நிமிடம் நின்று வேடிக்கை பாருங்கள். புது வண்டிக்குச் சாமந்தி மாலை. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். அட்டையில் வெட்டிய ஆளுயரச் சாவியை மேனேஜர் நீட்ட, குடும்பத் தலைவர் கொஞ்சம் கூச்சத்தோடு வாங்கிக்கொள்ள, எல்லோருமாக ஒரு போட்டோ. எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி தெருவில் இறங்குகிறது.

ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுங்கள். வாங்கியவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கும். கடன் கொடுத்தவர் பெயர். போட்டோவில் அவர் இருக்க மாட்டார். ஆனால், அடுத்த ஐந்து வருடத்துக்கு மாதா மாதம் ஞாபகம் வருகிற ஆசாமி அவர்தான்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது யார்? ‘கார் கண்டுபிடித்தவர் யார்’ என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். கார் கடனைக் கண்டுபிடித்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இப்போது நேராக டெட்ராய்டுக்குப் போவோம்.

1908 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டு தன் ‘மாடல் டி’ காரை வெளியே விட்டார். விலை 850 டாலர். அன்றைக்கு அது சாமானியனுக்கு எட்டாத தொகை. ஆனால், மனுஷர் விடாக்கண்டர். ஒரே மாடல், ஓடும் பெல்ட்டில் உற்பத்தி, செலவு குறையக் குறைய விலையும் குறைப்பு. 1914-ல் தொழிலாளிக்கு நாள் கூலி 5 டாலர் என்று அறிவித்து ஊரையே மூக்கில் விரல் வைக்க விட்டார். 1925-ல் மாடல் டி வகையில் மலிவான வண்டி 260 டாலருக்கு வந்துவிட்டது. அதே 5 டாலர் கூலியில் கணக்குப் போட்டால்கூட 52 நாள் சம்பளம்! 

ஆனாலும், 260 டாலரை மொத்தமாக எண்ணி வைக்க எத்தனை பேரால் முடியும்? இங்கேதான் ஃபோர்டின் குணம் குறுக்கே வந்தது. அவருக்குக் கடன் என்றாலே வேப்பங்காய். காசு சேர், வந்து வாங்கு. அவ்வளவுதான் அவர் சித்தாந்தம். கிராமத்து விவசாயி மகன். வங்கிக்காரன் என்றால் ஆகவே ஆகாது.

இதே நேரத்தில் கார் விற்கிற டீலர்கள் வேறொரு சிக்கலில் மாட்டிக்கொண்டு முழித்தார்கள். தொழிற்சாலை வருடம் முழுக்க வண்டி தயாரிக்கும். அப்போதெல்லாம் பெரும்பாலும் மேல்கூரை சரியில்லாத திறந்த வண்டிகள். பனிக்காலத்தில் எவன் வாங்குவான்? கம்பெனியோ டீலரிடம் ரொக்கத்தை வாங்கிக்கொண்டுதான் வண்டியை இறக்கும். மூன்று நான்கு மாதம் விற்காத சரக்கைக் கட்டிக்காக்க டீலருக்குப் பணம் வேண்டும். வங்கிக்குப் போனால், ‘பணக்காரன் வீட்டு விளையாட்டுப் பொம்மைக்குக் கடனா?’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இந்த இடைவெளியில்தான் தனியார் ஃபைனான்ஸ் கம்பெனிகள் நுழைந்தன. 1915-ல் டொலிடோ நகரத்தில் வில்லிஸ்-ஓவர்லேண்ட் கார்களுக்காக அப்படி ஒன்று தொடங்கியது. முதலில் கவனித்தது டீலரின் பசியை. வாடிக்கையாளரின் பசி அதன்கூடவே சேர்ந்துகொண்டது.

தவணை என்பது காருக்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கர் தையல் மிஷின்காரர்கள் 1850-களிலேயே மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டச் சொல்லி விற்றார்கள். அதைத் தொழிலின் முதுகெலும்பாக்கியது ஜெனரல் மோட்டார்ஸ்.

ஜெனரல் மோட்டார்ஸின் நிதி விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவர் ஜான் ராஸ்காப். பின்னாளில் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எழுப்பியதில் முக்கியப் புள்ளி. 1919-ல் அவர் யோசனையில் ஜி.எம்.ஏ.சி. என்ற ஃபைனான்ஸ் கம்பெனி பிறந்தது. கார் தயாரிக்கிற கம்பெனியே கார் வாங்கக் கடனும் கொடுக்கும்! அன்றைய வழக்கப்படி விலையில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம். மிச்சம் ஏறக்குறைய 12 மாதத் தவணை. இன்றைக்கு நாம் ஏழு வருடத்துக்கு இழுக்கிறோமே, அதோடு ஒப்பிட்டால் அவர்கள் சாமியார்கள்.

ஃபோர்டு என்ன செய்தார்? முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 1919-ல் மற்ற பங்குதாரர்களை எல்லாம் வாங்கி ஒதுக்க அவரே வங்கிகளிடம் பெரிய கடன் வாங்கியிருந்தார். 1920-ல் வியாபாரம் படுத்துவிட்டது. கடன் கெடுவோ 1921-ல். மறுபடியும் வால் ஸ்ட்ரீட் வாசலில் போய் நிற்க மானம் இடம் கொடுக்கவில்லை. டீலர்களுக்கு, அவர்கள் கேட்காத கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார். ரொக்கத்தைக் கட்டி எடுத்துக்கொள், இல்லையென்றால் ஏஜென்சியை விடு. பாவம், டீலர்கள் ஓடிப்போய் உள்ளூர் வங்கிகளில் கடன் வாங்கிக் கட்டினார்கள். ஆக, கடனை வெறுத்த மகானுக்காக ஊர் ஊராகக் கடன் வாங்கப்பட்டது. வாங்கியவர் மட்டும் அவர் இல்லை!

1923-ல் ஃபோர்டு ஒரு போட்டித் திட்டம் அறிவித்தார். வாரம் 5 டாலர் டீலரிடம் கட்டிக்கொண்டே வாருங்கள். அது வங்கியில் வட்டியோடு சேரும். முழு விலையும் சேர்ந்ததும் கார் உங்களுக்கு. நம் ஊர் நகைக்கடைச் சீட்டு மாதிரி. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு நியாயமான திட்டம்! வட்டி உங்களுக்குத்தான் வரும், உங்களிடமிருந்து போகாது. ஆனால், பக்கத்துத் தெரு ஜெனரல் மோட்டார்ஸ் கடையில் முன்பணத்தைக் கட்டிவிட்டு இன்று சாயந்திரமே குடும்பத்தோடு ஊர்வலம் போகலாம் என்னும்போது, ஒரு வருடம் பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார யாருக்குப் பொறுமை? திட்டம் எடுபடவில்லை. 1924 வாக்கில் அமெரிக்காவில் நான்கு புதுக் கார்களில் கிட்டத்தட்ட மூன்று தவணையில்தான் விற்றன.

1923-ல் ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தலைவரானவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். ஒல்லியான, அதிகம் பேசாத இன்ஜினீயர். அவர் ஃபோர்டை அடித்தது நல்ல காரை வைத்து அல்ல. வருடா வருடம் புது மாடல், பழைய காரை எடுத்துக்கொண்டு புதுசு கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச், மூடிய வண்டி, தவணை ஆகிய நான்கையும் ஒன்றாகப் பின்னியதில்தான் இருந்தது சூட்சுமம். தவணை முடிகிற நேரத்தில் உங்கள் கார் பழசாகத் தெரிய வேண்டும். இன்ஜின் கெட்டுப்போயிருக்க வேண்டிய அவசியமில்லை, எதிர்வீட்டில் புது மாடல் நின்றால் போதும். 1927-ல் ஹார்லி ஏர்ல் என்கிற வடிவமைப்பாளரைக் கூட்டிவந்து கலருக்கும் அழகுக்கும் என்றே தனி இலாகா வைத்தார்கள்.

பி.காம். படித்தவன் என்ற முறையில் இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். தேய்மானம் என்று அக்கவுண்ட்ஸில் ஒரு பாடம் உண்டு. பொருள் உழைத்து உழைத்துத் தேய்வது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நிறுத்தி வைத்த இடத்திலேயே தேய்கிற பொருளை உருவாக்கியது ஸ்லோனின் கைங்கர்யம். இன்றைக்கு நம் நாட்டு மோட்டார் இன்ஷூரன்ஸ் அட்டவணையைப் பாருங்கள். வாங்கி ஆறு மாதத்துக்குள் மதிப்பில் 5 சதவீதம் கழிக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் 15. இரண்டாவது வருடத்தில் 20, மூன்றாவதில் 30, நான்காவதில் 40, ஐந்தாவதில் 50. எட்டு லட்ச ரூபாய் காரென்றால் ஐந்தாவது வருடத்தில் காகிதத்தில் நிற்பது நான்கு லட்சம். கரைந்த நான்கு லட்சத்தை 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 6,600 ரூபாய்க்கு மேல். இதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை. அதனால் வலிப்பதும் இல்லை. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இந்தக் கணக்கிலேயே சேராது; அவை கட்டிய அன்றே போனவை.

1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளியே வந்தது. அதோடு அந்தக் காரின் கதை முடிந்தது. புது மாடல் தயாராகும்வரை ஃபோர்டு தொழிற்சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அடுத்த வருடமே, 1928-ல், ஃபோர்டு சொந்தமாக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ஆரம்பித்தார். பிடிவாதக்காரர் தோற்றுப்போனார்.

இந்தச் சண்டையில் ஜனங்கள் என்ன ஆனார்கள்? அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்ற தம்பதி 1920-களின் நடுவில் இண்டியானா மாநிலத்தில் மன்ஸி என்ற சின்ன நகரத்தில் தங்கி, வீடு வீடாக விசாரித்து எழுதிய ‘மிடில்டவுன்’ 1929-ல் வெளியானது. அங்கே வீட்டை அடமானம் வைத்துக் கார் வாங்கியவர்கள் இருந்தார்கள். துணிமணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பாட்டைக் குறைத்தாலும் குறைப்போம், காரை விட மாட்டோம் என்று பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். பாழடைந்த பகுதியில் கார் வைத்திருந்த 26 குடும்பங்களைப் போய்ப் பார்த்தார்கள். அதில் 21 வீடுகளில் குளிக்கத் தொட்டி கிடையாது. வாசலில் கார்!

சிரிக்காதீர்கள். அடுத்து வந்தது 1929. பங்குச்சந்தை விழுந்தது, வேலை போகுமோ என்ற பயம் வந்தது. அப்போது தவணையில் ஒரு கொடூரமான விதி இருந்தது. மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கட்டி, பத்து மாதத் தவணையும் கட்டி, பதினோராவது மாதம் தவறினால் வண்டி போகும். அதுவரை கட்டிய பணமும் திரும்பாது. ஆகவே ஜனங்கள் தவணையைத் தவறவிடவில்லை. வேறு எல்லாவற்றையும் வெட்டினார்கள். மார்த்தா ஓல்னி என்ற பொருளாதார வரலாற்று ஆய்வாளர் 1999-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. 1930-ல் அமெரிக்கக் குடும்பங்கள் செலவை அத்தனை வேகமாகச் சுருக்கிக்கொண்டதற்கு, சாதாரண வீழ்ச்சி பெருமந்தமாக மாறியதற்கு, இந்தத் தவணை பயமும் ஒரு காரணம் என்கிறார். கடைக்காரனுக்கு வியாபாரம் இல்லை. அவன் கடையில் வேலை பார்த்தவனுக்குச் சம்பளம் இல்லை. கார் மட்டும் வாசலில் பத்திரமாக நின்றது.

மந்தத்தில் படுத்த வியாபாரத்தைத் தூக்கி நிறுத்த 1935-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு விளம்பரம் கொடுத்தது. ‘ஆறு சதவீதத் திட்டம்.’ ஃபோர்டும் பின்னாடியே வந்தார்.

கணக்கைப் பாருங்கள். 400 டாலர் கடன், ஒரு வருடம், 6 சதவீதம். வட்டி 24 டாலர். மொத்தம் 424-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதா மாதம் கட்டு. சரியாகத்தானே இருக்கிறது? இல்லை! வருடம் முழுக்க அந்த 400 டாலர் உங்களிடமா இருந்தது? முதல் மாதம் 400. பாதி வருடத்தில் பாதி. கடைசி மாதம் முப்பத்துச் சொச்சம். சராசரி எடுத்தால் நீங்கள் வைத்திருந்த கடன் சுமார் 217 டாலர்தான். 217-க்கு 24 டாலர் வட்டி என்றால் அது 11 சதவீதம்.

நம் ஊர் மார்க்கெட்டில் தண்டல் விடுகிறவரைக் கேளுங்கள், புன்னகை செய்வார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூலிக்கிறவர் அவர். திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் சேர்த்து வட்டி வாங்குவது அவருக்குப் புதுசில்லை. டை கட்டிக்கொண்டு செய்ததுதான் புதுசு.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆறு சதவீதத் திட்டம் அன்று மற்றவர்கள் வாங்கியதைவிட மலிவு. குற்றம் விலையில் இல்லை, பெயரில்தான். அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இரண்டு கம்பெனிகளையும் பிடித்தது. விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1940-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கிலும் 1941-ல் ஃபோர்டு வழக்கிலும் தீர்ப்பு கமிஷன் பக்கம். ஜெனரல் மோட்டார்ஸ் தீர்ப்பில் நீதிபதிகள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் இருந்திருக்கலாம், அசட்டையானவர்கள் மட்டுமே ஏமாந்திருக்கலாம். அதனால் என்ன? வழிப்போக்கன் முட்டாளாகவே இருந்தாலும் தடம் மாறிப் போகாதபடி பாதை இருக்க வேண்டும் என்று கமிஷன் நினைத்தால் அதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று, பைபிளின் ஏசாயா தீர்க்கதரிசியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எழுதினார்கள்.

அந்த வழிப்போக்கன் நான்தான்.

2009-ல் முதல் கார். எல்லாம் சேர்த்து நாலு லட்சம். ஒரு லட்சம் கையில் இருந்தது, மூணு லட்சம் லோன். ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் வேண்டாம். “எட்டு பர்சென்ட்தான் சார், ஃப்ளாட்” என்றார் அங்கிருந்த தம்பி. ஐந்து வருடம், மாதம் ஏழாயிரம். கல்லூரியில் ஹயர் பர்ச்சேஸ் கணக்கு என்று ஒரு முழு அத்தியாயம் உண்டு. ரொக்க விலை, தவணை விலை, ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று கட்டம் கட்டிப் போட்டுக்காட்டி மார்க் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஷோரூமில் ஏ.சி. குளிர்ச்சி, பக்கத்தில் மனைவி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு நிறத்தில் வண்டி. மூளை லீவு போட்டுவிட்டது.

மூன்று வருடம் கழித்துக் கொஞ்சம் பணம் வந்தது. கடனை முடித்துவிடலாம் என்று போனேன். அறுபதில் முப்பத்தாறு தவணை கட்டியாகிவிட்டது. அசலில் பாக்கி 1,20,000 இருக்கும் என்று என் மனக்கணக்கு. அவர்கள் நீட்டிய தாளில் 1,45,000-க்கும் மேல். அதற்கும் மேலே முன்கூட்டி முடிக்கிற கட்டணம் வேறு! ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கினேன். முதல் மாதம் நான் கட்டிய ஏழாயிரத்தில் வட்டி 3,532 ரூபாய். பாதிக்கும் மேலே. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டால் என் எட்டு சதவீதம் உண்மையில் 14 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல். தாளில் பொய் எதுவும் இல்லை, எல்லாம் நான் கையெழுத்துப் போட்டதுதான். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். கடனையும் முடிக்காமல், மிச்ச இருபத்துநாலு தவணையையும் கட்டினேன்.

அமெரிக்காவில் இந்தத் தில்லுமுல்லுக்கு ஒரு முடிவு கட்ட இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. பால் டக்ளஸ் என்ற செனட்டர், தொழிலால் பொருளாதாரப் பேராசிரியர், 1960-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். கடன் கொடுக்கிறவன் உண்மையான வருட வட்டியைச் சொல்லியே ஆக வேண்டும். வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அவர் 1966 தேர்தலில் தோற்றே போனார். மற்றவர்கள் தூக்கிச் சுமந்து, 1968 மே மாதம் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்தில் அது சட்டமானது.

நம் கதை இதைவிட சுவாரஸ்யம். 1972-ல் நம் பாராளுமன்றம் ஹயர் பர்ச்சேஸ் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ரொக்க விலை என்ன, தவணையில் மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது அதில் உண்டு. நல்ல சட்டம்தானே? அது கடைசி வரை அமலுக்கு வரவே இல்லை! முப்பத்து மூன்று வருடம் காகிதத்திலேயே தூங்கிவிட்டு, 2005-ல் ரத்தாகிவிட்டது. நான் பரீட்சைக்குப் படித்த காலத்தில் அது அந்தத் தூக்கத்தில்தான் இருந்தது.

பிறகு 2024-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்த வருடம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து கொடுக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்து உண்மையில் வருடத்துக்கு எத்தனை சதவீதம் விழுகிறது என்பதைத் தனித் தாளில் எழுதி, கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். வங்கிக்கும் பொருந்தும், ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் பொருந்தும். அந்தத் தாளுக்கு ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்று பெயர். மாலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவே எங்காவது இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

என் சிவப்புக் காரை 2016-ல் விற்றேன். முன்பணம் ஒரு லட்சம், தவணையில் 4,20,000, மொத்தம் 5,20,000. விற்றது 1,30,000. ஏழு வருடத்தில் போனது 3,90,000. மாதத்துக்கு 4,640 ரூபாய். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், டயர், சர்வீஸ், நடுவில் ஒருமுறை மாட்டுவண்டியில் இடித்த செலவு எதுவும் இதில் சேர்த்தி இல்லை.

வண்டியைப் பார்க்க வந்த புரோக்கர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “ஆர்.சி.யில ஃபைனான்ஸ் பேரை எடுத்தாச்சா சார்?” என்றுதான் முதலில் கேட்டார். எடுத்திருந்தேன். வாங்குகிறவர் யார் என்று விசாரித்தேன். சின்னக் குடும்பம், முதல் கார், லோன் போட்டுத்தான் எடுக்கிறார்களாம்.

“வட்டி எவ்வளவு?”

“ரொம்பக் கம்மி சார். பத்து பர்சென்ட்தான்.”

“ஃப்ளாட்டா?”

“அதெல்லாம் எதுக்கு சார் உங்களுக்கு?” என்றபடி சாவியை வாங்கிக்கொண்டார்.